விடைத்தாளில் ஒரு கறுப்பு வட்டம்

என் மனைவி இறந்து ஏழு வாரங்கள் கழிந்தபின், அவள் கடைசியாக எழுதிய அட்சரகணித, அதாவது அல்ஜிப்ராப் பரீட்சையின் விடைத்தாளைப் பார்க்க அனுமதி கேட்டு, அவள் படித்த கல்லூரிக்குப் போனேன். அவள் கையெழுத்து வீட்டில் இல்லாமல் இல்லை. ஆனால், என் தலையீடு இல்லாமல் அவள் செய்த கணக்கு அந்தத் தாளில் மட்டுமே இருந்தது. அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு அலுவல் இல்லை.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு மருந்துக் கடையின் காசு வாங்கும் இடத்தில் அவள் பதினெட்டு வருடங்கள் நின்றாள். உள்ளே போய் மருந்து தயாரிக்கும் உதவியாளராக வேண்டும் என்ற ஆசை ஐம்பத்தெட்டாவது வயதில் வந்தது. அந்தப் படிப்பில் சேர்வதற்கு இடைநிலை அட்சரகணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். நானோ நீர்ப்பாசனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவன். வீட்டிலேயே ஆள் இருக்க என்ன கவலை என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

வீட்டுப்பாடம் கணினியில் செய்யப்படுவது. அந்த மென்பொருளுக்குச் செய்முறை தேவையில்லை. கடைசி விடையை ஒரு கட்டத்துக்குள் அடித்தால் போதும். சரியென்றால் பச்சைக் குறி ஒன்று எழும்பும், வண்ணக் காகிதத் துணுக்குகள் திரையில் சொரியும், அவள் பெயரைச் சொல்லி ஒரு பாராட்டும் வரும். பேரப்பிள்ளை கண்ட பெண்ணைப் பிறந்தநாள் விழாக் குழந்தைபோல் நடத்தும் அந்த அற்பத்தனம் எனக்கு முதல் நாளே குமட்டியது. அதைவிடக் குமட்டியிருக்க வேண்டியது அடுத்து நான் செய்த காரியம்.

ஒரு கணக்குக்கு அவள் பத்து நிமிடம் எடுத்தாள். வலப்பக்கத்தில் அடிமட்டத்தால் ஒரு கோடு கீறி, அந்தப் பக்கத்தில் சில்லறைப் பெருக்கல்களைச் செய்து, இந்தப் பக்கத்தில் வரிவரியாக எழுதுவாள். எங்கள் பள்ளிக்கூடங்களில் பழக்கிய முறை. பேனையும் கையுமாகப் பக்கத்தில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளும், நான் அடிக்கிறன்."

"பொறுங்கோவனப்பா. வருகுது."

"எது வருகுது? விடை எட்டு. பாத்தாலே தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. நான் இன்னும் குளத்துக்கே போய்ச் சேரேல்லை, நீங்கள் மதகைத் திறந்துபோட்டு நிக்கிறியள்."

சிரித்தபடி தள்ளி இருந்தாள். இருபது கணக்குகளைக் கால் மணி நேரத்தில் முடித்தேன். காகிதத் துணுக்குகள் சொரிந்தன. பருவம் முழுவதும் அப்படியே நடந்தது. வீட்டுப்பாடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. வகுப்பில் இருந்து எழுதிய பரீட்சைக்கு முப்பத்தொன்று.

"தொண்ணூற்றெட்டு எடுத்த ஆள் எப்பிடி முப்பத்தொண்டு எடுப்பீர்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"தொண்ணூற்றெட்டு உங்கடை. முப்பத்தொண்டுதான் என்ரை."

அடுத்த பருவத்தில் அதே பாடத்தை மறுபடியும் எடுத்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். வேலை முடிந்து கல்லூரியிலேயே இருந்து படித்துவிட்டு, பஸ் பிந்திவிட்டது என்று வீட்டில் சொன்னாள். கடவுச்சொல்லை மாற்றியதற்காக நான் நான்கு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் இறுதிப் பரீட்சை எழுதினாள். புள்ளி வெளியாவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், மூளையில் இரத்தம் கசிந்து, வைத்தியசாலையில் நினைவு திரும்பாமலே போய்விட்டாள்.

கல்லூரியின் நடைபாதையில் பொரித்த எண்ணெயும் ஈரச் சப்பாத்துகளும் கலந்த நெடி அடித்தது. கதவோரம் இருந்த ஒருவன் கணக்கைத் தொலைபேசியால் படமெடுத்து, அது காட்டிய விடையைக் கணினிக்குள் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவனுக்கு அந்தத் தொலைபேசி எதுவோ, அதுவாகத்தான் நான் என் வீட்டில் இருந்தேன் என்பது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

விரிவுரையாளர் நாற்பது வயதுக்குட்பட்ட தமிழ்ப் பெண், இங்கே வளர்ந்தவர். மரணச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார்.

"அங்கிள், நீங்கள் இதிலை இருந்து பாக்கலாம். கொண்டுபோக ஏலாது, ஃபோட்டோவும் எடுக்க ஏலாது. ஒரு வருஷம் வைச்சிட்டு ஷ்ரெட் பண்ணிடுவம்."

"ஓம், விளங்குது."

"அன்ரி ஒவ்வொரு கிழமையும் என்ரை ஒஃபீசுக்கு வருவா. வீட்டிலை செய்யலாமே எண்டு கேட்டன். 'வீட்டிலை ஒராள் பேனையோடை திரியிறார்' எண்டு சொல்லிச் சிரிச்சா."

தாளைத் திறந்தேன். எல்லாம் பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் கோடு. அறுபது எடுத்தால் சித்தி; அவளுக்கு அறுபத்திநான்கு. நான்காம் பக்கத்தில் ஒரு கணக்குக்கு ஆறில் நான்கு புள்ளி கொடுத்திருந்தார்கள். அதன் கீழே, விடையைச் சமன்பாட்டில் மீண்டும் பிரதியிட்டுப் பார்த்திருக்கிறாள்: ஒரு பக்கம் இருபத்தாறு, மறுபக்கம் ஆறு. பொருந்தவில்லை. பக்கத்தில் தமிழில் சிறிதாக ஒரு வரி.

"உது என்ன எழுதியிருக்கிறா? எனக்குக் கதைக்கத்தான் தெரியும், வாசிக்க வராது" என்றார் விரிவுரையாளர்.

"பிழை எங்கையோ இருக்கு. தேட நேரம் இல்லை" என்று வாசித்தேன்.

"ஆ! பிழை எண்டு தெரிஞ்சிருக்கு. என்ரை ஸ்டூடன்ட்ஸிலை ஒருத்தரும் உப்பிடிச் செக் பண்ணாயினம், அங்கிள்."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குப் பிழை தென்பட்டுவிட்டது. இரண்டாம் வரி. அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற கழித்தல், உள்ளே நின்ற கழித்தலைக் கூட்டலாக்கியிருக்க வேண்டும். பத்துக்கு முன்னால் கழித்தல் அப்படியே நின்றது. மிகச் சாதாரணமான தவறு. மீதி வரிகளில் ஒரு குறையும் இல்லை.

"அங்கிள்!"

நிமிர்ந்து பார்த்தேன். பிறகு குனிந்து தாளைப் பார்த்தேன். இரண்டாம் வரியில் அந்தக் கழித்தல் குறியைச் சுற்றி ஒரு வட்டம். கறுப்பு மை. என் கையில் என் பேனை திறந்தபடி இருந்தது. அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்ததுகூட எனக்கு நினைவில்லை.

"உது மார்க் பண்ணின பேப்பர், அங்கிள்" என்றார் அவர், மிக மெதுவாக.

அழிறப்பர் கேட்டேன். தந்தார். மையின் ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்து அழியத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன். அவர் தாளை என்னிடமிருந்து வாங்கி மூடினார், கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

ஒரு வருடம் அது அந்த இழுப்பறைக்குள் என் திருத்தத்தோடு கிடக்கும். அதன்பின் என் திருத்தத்தோடே கிழிபடும். பேனையை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதி முடிக்க ஆசைதான். விடவில்லை. மூடியைப் போட்டு, பைக்குள் செருகிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். இதையும் அந்தப் பேனையால்தான் எழுதுகிறேன்.