கடதாசியும் மூங்கிலும்

எங்கள் வீட்டில் இரண்டு ஆகாயப்படைகள் இருந்தன. ஜப்பானின் படை ஐயாவின் வசம். பிரித்தானிய அரசின் படை என் தாய்மாமனாகிய அம்மானின் வசம். இருவரில் ஒருவராவது ஒரு விமானத்தைக் கிட்ட நின்று தொட்டுப் பார்த்தவர் அல்லர். அதனால் சண்டைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அம்மான் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று வந்து, நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் பக்கத்து ஊர், உரும்பிராய். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளை வேட்டியும் குடையுமாகத் தங்கையைப் பார்க்க நடந்து வருவார். அம்மா தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் குண்டு விழத் தொடங்கிவிடும்.

"வெள்ளைக்காரன் ஆகாயத்திலை பறக்கேக்கை உம்மடை ஜப்பான்காரன் தூண்டில் போட்டுக்கொண்டு நிண்டவன், மச்சான். உவன்ரை பிளேன் கடதாசியும் மூங்கிலும். ஒரு மழைக்குத் தாங்காது."

"அந்தக் கடதாசிதானே சிங்கப்பூரிலை உம்மடை துரைமாரைக் கை தூக்க வைச்சது!" என்பார் ஐயா. "எங்களைப் போலச் சோறு தின்னுறவன். நேற்று முளைச்சவன். இண்டைக்கு உலகத்தை ஆளுறவனோடை மல்லுக்கு நிக்கிறான், பாரும்!"

அம்மானின் கட்சிக்கு ஆதாரம் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. போருக்கு முன் பட்டணத்துக் கடையில் ஐயா எனக்கு வாங்கித் தந்த ஜப்பான் கோப்பை அது. வாங்கி வந்த கிழமையே அதன் காது கழன்றுவிட்டது. ஊரில் 'ஜப்பான் சாமான்' என்றாலே ஒப்பேறாதது என்றுதான் அர்த்தம். அம்மான் வரும்போதெல்லாம் அந்தக் கோப்பையைச் சுகம் விசாரிப்பார். ஐயாவும் சும்மா விடமாட்டார். அம்மான் 'ஏறோப்பிளேன்' என்று வாயெடுத்தால், "ஓம், ஏறாப்பிளேன்" என்பார்.

எனக்கு இரண்டு கட்சியும் பிடித்திருந்தது. பலாலியில் விமானத்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் ஏற்றிய லொறிகள் எங்கள் தெருவால் ஓடும்போது அடுப்படிச் சட்டிகள் குலுங்கும். முதல் விமானம் தலைக்கு மேலால் போன அன்று, மா குழைத்த கையோடு முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். கழுத்து நோகும்வரை பார்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இந்தச் சண்டையில் என் கலியாணம் அகப்பட்டுக்கொண்டது. அம்மானுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் மலாயாவிலேயே வேலையில் இருந்தார். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மான் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. இளையவர்தான் அத்தான். எனக்கு அவர், அவருக்கு நான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

திருகோணமலையில் ஜப்பான் குண்டு போட்ட செய்திக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஐயா அம்மானை வாசல் படலையிலேயே மறித்தார்.

"பாத்தீரோ உம்மடை கடதாசியை?"

அம்மானின் முகம் கறுத்தது. குடையை விரித்தபடியே திரும்பினார். "ஜப்பான்காரன்ரை வீட்டிலை என்ரை பிள்ளை சம்பந்தம் செய்யான்" என்றார். "போம், போய் ஒரு வெள்ளைக்காரச்சியைப் பாரும்" என்றார் ஐயா. அம்மா அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜப்பான் கோப்பையைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்தேன். ஆகாயத்தை எவன் ஆண்டால் எனக்கென்ன? எனக்கு அத்தான் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இல்லை.

மாதங்கள் போயின. தைப்பொங்கல் வந்தது. வழக்கமாக அந்த நாட்களில் வானம் முழுக்கப் பட்டம் நிற்கும். பெரிய பட்டங்களின் தலையில் மூங்கிலை வில்லைப் போல வளைத்து நார் கட்டுவார்கள். அதற்கு விண் என்று பெயர். காற்றுப் பட்டால் ஊர் கேட்கக் கூவும். ஒவ்வொருவர் விண்ணுக்கும் ஒவ்வொரு குரல். அத்தானுடையது நீளமாக இழுத்துக் கூவி, நடுவில் ஒருமுறை விக்கும். முந்திய வருடங்களில் அந்த விக்கலைக் கேட்டுக்கொண்டே நான் முற்றம் கூட்டியிருக்கிறேன். அந்த வருடம், போர்க்காலத்தில் ஆகாயத்தில் ஒன்றும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவரும் பட்டம் ஏற்றவில்லை.

மறுநாள், மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலன்று, பொழுதுபடும் நேரம் அம்மான் வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"கோப்பாயிலை ஒரு இடம் பொருந்தி வருகுது, தங்கச்சி. நாளைக்குச் சம்மதம் சொல்லப்போறன். வேறை ஆக்கள் சொல்லி நீ அறியக்கூடாது எண்டு வந்தனான்."

நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து அந்த இரைச்சல் கேட்டது. நீளமாக, உறுமலாக, வரவர உரத்து.

ஐயா துள்ளி எழுந்தார். "ஜப்பான்காரன்! சத்தத்திலையே தெரியுது!"

"விசர்க் கதை கதையாதையும். உது எங்கடை வெள்ளைக்காரன்ரை எஞ்சின்!"

அடுத்த நொடி இரண்டு கட்சியும் ஓடின. ஜப்பான்காரன் எங்களைத் தொடமாட்டான் என்று சொல்லிக்கொண்டே ஐயா வாழைகளுக்கு நடுவில் பதுங்க ஒரு கிடங்கு வெட்டி வைத்திருந்தார். அதற்குள் முதலில் குதித்தவர் ஐயா. அவருக்கு மேல் அம்மான். அம்மாவையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள்.

"பிள்ளை, ஓடிவா! விசரி, ஏன் நிக்கிறாய்?"

நான் முற்றத்தில் நின்றேன். இரைச்சல் நீளமாக இழுத்தது. நடுவில் ஒருமுறை விக்கியது. என் நெஞ்சு அடித்த அடியில் அதுவே எனக்குக் கேட்காமல் போய்விடும் போலிருந்தது. தடையையும் மீறி, எனக்குக் கேட்கட்டும் என்றுதானே ஏற்றியிருக்கிறார்!

கிடங்கைப் பார்த்து ஓடினேன். உள்ளே அம்மான் சேற்றில் குந்தியிருந்து தலையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் வெண்டாத்தான் என்ரை மூத்தவன் வீட்டை வருவான், மச்சான். அதுக்குத்தான் நான் கத்துறன். ஆனா வெல்லுறதெண்டா அவன் அங்கைதானே போய்க் குண்டு போடவேணும்? என்ரை பிள்ளை நிக்கிற இடத்திலைதானே போடுவான்?"

ஐயா அம்மானின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மனிதரை அப்படி அழவிட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வெட்கம் போனால் போகட்டும்.

"அம்மான், அது பிளேன் இல்லை. அத்தான்ரை விண்."

அம்மான் நிமிர்ந்தார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

"நடுவிலை விக்கும். எத்தினை வருசமாக் கேக்கிறன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. முகம் நெருப்பாய்ச் சுட்டது. கிடங்குக்குள் ஐயா மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

"கடதாசியும் மூங்கிலும், மச்சான்!"

அம்மான் அழுகையும் சிரிப்புமாகத் தன் வேட்டிச் சேற்றைப் பார்த்தார். நான்கு பேரும் சிரித்தோம். அம்மாவுக்குப் புரையேறியது. வெளியே ஏற ஐயா கை கொடுத்தபோது அம்மான் அந்தக் கையை விடாமல் கேட்டார்.

"உவளைக் கேளும், வேறை எவன்ரை விண்ணாவது தெரியுமோ எண்டு."

"இல்லை" என்றேன் நானே.

"அப்ப கோப்பாய்க்கு நாளைக்கு வேறை பதில் சொல்லுறன்."

வைகாசியில் கலியாணம். கெட்டிமேளம் முழங்கும்போது பலாலிப் பக்கமிருந்து விமானமொன்று எழும்பிப் பந்தலுக்கு மேலால் கிழக்கே, மலாயாத் திசையில் போனது. ஐயாவும் அம்மானும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். அது யாருடையது என்று இருவருமே சொல்லவில்லை. இரைச்சல் தேய்ந்து ஓயும்வரை ஐயா, அம்மானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.