சூட்டில் திரண்ட வெள்ளை

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எழுபதுகளின் கடைசி. ஒருநாள் காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தாள். தூங்கி வழிகிறாள் என்று திட்டினேன், பாவி நான். சாயங்காலம் பார்த்தால் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. அள்ளிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

சிறுநீரகத்தின் சல்லடை கெட்டு, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்றார் டாக்டர். அபூர்வமான நோயாம். அபூர்வத்துக்கு எங்கள் வீடுதானா கிடைத்தது!

"மாத்திரை தர்றேன். நாலு வாரத்துல புரதம் நின்னுட்டா கிட்னிக்குப் பயமில்ல. நிக்கலன்னா மெட்ராசுக்கு அனுப்பணும். அதுக்கு மேல என்னால வாக்கு குடுக்க முடியாதும்மா."

வீட்டிலேயே தினமும் பார்க்கச் சொல்லி ஒரு கண்ணாடி டியூப், ஸ்பிரிட் விளக்கு, சின்ன பாட்டிலில் ஆசிட் கொடுத்தார். காலைச் சிறுநீரை டியூபில் ஊற்றி மேல்பாதியை மட்டும் சுடவேண்டும். பிறகு மூன்று சொட்டு ஆசிட். வெள்ளையாகத் திரண்டு நின்றால் புரதம் இன்னும் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் மில்லில் சாயப் பிரிவில் இருந்தவர். கூட வேலை செய்தவரின் கை ஆசிட்டில் வெந்ததைக் கண்ணால் பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

"புள்ள இருக்கிற வூட்டுல ஆசிட்டா? சுட்டாலே வெள்ளையா தெரியப்போவுது, அது போதும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

முதல் நாள் துணி கிளிப்பில் டியூபைப் பிடித்துச் சுட்டேன். தெளிவாக இருந்த நீரின் மேல்பாதி, கண்ணெதிரே முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. கீழ்ப்பாதி அப்படியே தெளிவு. அம்மாடி! என் பிள்ளையின் ஆயுசு விரல் நீளக் கண்ணாடிக்குள் தெரிகிறதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார்வையை எடுக்க முடியவில்லை.

இரண்டாம் வாரம் கெட்டி வெள்ளை குறைந்தது. அப்புறம் மெல்லிய வெண்மை ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்று நின்றது. கால் வீக்கம் வடிந்தும் முகம் உப்பலாகவே இருந்தது. அம்மன் கோயிலையும் நான் விடவில்லை, மாதா கோயிலையும் விடவில்லை. அவர் மில்லுக்குப் போகுமுன் டியூபைப் பார்ப்பார், சைக்கிளை எடுப்பார். உப்பில்லாக் கஞ்சியை ஊட்டிக்கொண்டே நான் அழுவேன்.

நாலு வாரம் முடிந்தது. மெட்ராசுக்கு மூட்டை கட்டிவிட்டுத்தான் ஆசுபத்திரிக்குப் போனோம்.

"நீ எப்பிடிப் பாக்குறேன்னு செஞ்சு காட்டும்மா," என்றார் டாக்டர்.

கொண்டுபோயிருந்த சிறுநீரைச் சுட்டேன். அதே வெண்மை.

"ஆசிட் எங்க?"

என் வீட்டுக்காரர் மில் கதையைச் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட என்னப்பா நீ! அது ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரிதான். சூட்டுல சில உப்பும் வெள்ளையா நிக்கும். புளிப்பு பட்டா உப்பு கரைஞ்சிடும், புரதம் கரையாது. அதுக்குத்தான் அந்த மூணு சொட்டு."

சொட்டினார். ஒன்று, இரண்டு. மூன்றாவது விழுந்ததும் வெண்மை போன இடம் தெரியவில்லை. டியூபுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அடியாத்தே! எத்தனையோ கோயிலில் கும்பிட்டிருக்கிறேன், அந்த டியூபைப் பார்த்துக் கும்பிட்டது போல எங்கும் கும்பிட்டதில்லை.

"மொகம்?" என்று கேட்டேன்.

"அது மாத்திரையோட உப்பல். போயிடும். இந்த நோய் திரும்பித் திரும்பி வரும், பாத்துக்கணும். ஆனா மாத்திரைக்கு அடங்குற கிட்னி இது. பயப்படாத."

"எத்தினி நாளா நின்னுபோயிருக்கும் டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாருக்குத் தெரியும்? பத்து நாளாவே இருக்கலாம்."

அவ்வளவு பெரிய ஆள், மேசையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். மகள் அவர் சட்டையை இழுத்தாள்.

"எனக்கு நல்லாயிடுச்சின்னு அன்னிக்கே சொன்னேனே, ஏம்ப்பா அழுவுற?"

சொல்லியிருந்தாள்தான். கஞ்சியைக் குடி என்று நான்தான் அதட்டியிருந்தேன்.