கிராணி வீட்டுச் சிரிப்பு

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கேதரின் மலேசியாவில், கூலிமில்தான் இருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கேதரினுக்கு வயது அறுபத்தொன்று. 1991-இல் ‘எட்டாம் நம்பர் லயம்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வாயாடி மனைவியாக நடித்தவர். பக்கத்தில் பாடாங் மேஹாவில், ஆளில்லாமல் கிடந்த கிராணி வீட்டில், அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் வீட்டில்தான் படப்பிடிப்பு. இரண்டு சீசன் சக்கைப்போடு போட்டது. மூன்றாவது சீசனுக்கு அவரைக் கூப்பிடவில்லை. “முகம் முத்திப் போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வேறொருத்தியை வைத்து எடுத்த அந்த மூன்றாவது சீசன் ஏனோ டிவியில் வரவே இல்லை.

இந்த வருடம் லோகன் என்பவர் பழைய டேப்புகளைத் தேடிப்பிடித்து, அந்த இரண்டு சீசனையும் மண்டபத்தில் திரையிட ஏற்பாடு செய்தார். மேடையில் பேசக் கேதரினை அழைத்தார். முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு பென்டிரைவும் கொடுத்தார்.

சனிக்கிழமை. பிற்பகல் 2.40. வெளியே அடைமழை. வீட்டில் அவர் மட்டும். டிவியில் முதல் பாகத்தைப் போட்டார்.

தன் இளமை முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. திரையில் அவர் வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னார். உடனே ஒரு பெண் சிரித்தாள். ஒரே ஒரு பெண். தொண்டையில் சளி கட்டியது போன்ற சிரிப்பு. பிற்பாடு சேர்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

2.58. கணவனாக நடித்த எரிக் பெரிய ஜோக் அடித்தார். சிரிப்பு இல்லை. கேதரின் ‘ம்’ என்றார். சிரிப்பு!

இரண்டாம் பாகத்திலும் அப்படியே. அவருக்கு மட்டும்தான்.

3.10. இப்போது சிரிப்பு முந்திக்கொண்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே...

ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். படம் உறைந்து நின்றது.

சிரிப்பு நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

பின்னால். பிரம்பு நாற்காலியில்.

“சேசுவே...”

கதவு நான்கு எட்டில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் அவருக்குள் எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. திரும்பினார். நாற்காலி காலி.

“முப்பத்து மூணு வருஷமா ஒரு பய என்னைக் கூப்பிடல. நீ சிரிக்கிறியா? சிரி! யாரா இருந்தா எனக்கென்ன. நல்லா பாத்துக்க!”

இடுப்பில் கை வைத்து, காலி நாற்காலியைப் பார்த்து, முதல் பாகத்து வசனத்தைக் கணீரென்று சொன்னார்.

“இந்த வூட்ல ரெண்டு பேருதான் பேசலாம். ஒண்ணு நானு. இன்னொண்ணு, நான் மூச்சு வாங்குறப்ப ரேடியோ!”

இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார்.

பிறகு வயிறு குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு. பிரம்பு கிறீச்சிட்டது...

3.24. ஓய்ந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அன்று மாலையே லோகன் போன் செய்தார். குரல் சரியில்லை.

“அக்கா, அந்தப் பொம்பள சிரிப்பு... கட் பண்ணிரவா? ஆளுங்க பயந்துருவாங்க லா.”

“கை வச்சே, நான் மேடை ஏற மாட்டேன். அப்படியே போடு.”

மறுநாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு, நேராக மண்டபத்துக்குப் போனார். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சிரிப்பு எல்லார் காதிலும் விழுந்தது. சிலர் எழுந்து போனார்கள். கேதரின் மேடையேறி, பயப்படாமல் அரைமணி நேரம் பேசினார்.

இறங்கியபோது, அந்தத் தொடருக்கு ஒலிப்பதிவு செய்த தயாளன் காத்திருந்தார். யான் என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

“தங்கச்சி, அந்தச் சிரிப்ப நாங்க சேக்கல. நீ பேசுனா தானா பதிவாகும். மைக்க மாத்தியும் பாத்தாச்சு. முதலாளி பயந்துட்டாரு. அதான் உன்னை எடுத்துட்டாங்க. முகமெல்லாம் சும்மா சொன்னது.”

கேதரினுக்குக் கண் சிவந்தது.

“அப்ப மூணாவது சீசனை ஏண்ணே டிவியில போடல?”

தயாளன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“உன் எடத்துல வேற பொண்ணு வந்து நின்னா. மொத நாள்லேருந்து... பதிமூணு டேப்பு தங்கச்சி. பதிமூணுலயும், ஆரம்பத்துலேருந்து முடியிற வரைக்கும்... ஒரு பொம்பள அழுவுறா.”