குறை தெரியாத போட்டோ

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் கழுவுவேன். கல்யாணமாகி வந்த புதிதில், 'படத்தைக் கழுவணும்' என்று அவர் சொன்னதற்கு நான் சோப்பை எடுத்துக்கொண்டு போனதாக இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். சோப்பு வேண்டுமா என்று கேட்டேன், அவ்வளவுதான்.

அந்த இருட்டறைக்குள் போனால் எனக்கு அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். ஒரு சிவப்பு பல்பு, மூன்று மருந்துத் தட்டு, படம் மங்காமல் இருக்கக் கடைசியில் போடுகிற ஹைப்போவின் வாசனை. வெளியே பௌர்ணமிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும். உள்ளே அது எங்கேயோ தூரத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். வெள்ளைத் தாளை மருந்தில் போட்டு மெல்ல ஆட்டினால் தூங்கிக்கொண்டிருந்த முகம் ஒன்று அடியிலிருந்து எழுந்து வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை. சில நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் இப்போதுதான் தட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் போல ஈரமாகத் தெரிவார்கள்.

டச்சிங்கும் என் வேலைதான். நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள குறைகளை எடுக்க வேண்டும். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எது இருந்தாலும் காணாமல் போய்விடும். வரன் பார்க்க அனுப்புகிற படமென்றால் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் எத்தனை கல்யாணம் என் பென்சில் முனையால் கூடிவந்தது என்று சொன்னால் நிறைய பேர் என்னை அடிக்க வருவார்கள்.

சந்தின் எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்டுடியோ. அந்தக் கடைக்காரர் 'இன்றே டெலிவரி' என்று போர்டு வைத்தால் இவர் 'ஒரு மணி நேரத்தில்' என்று வைப்பார். தெருவில் நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேருக்கும் வானத்தில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் போட்டோகிராபர்கள் சங்கக் கூட்டம் என்றால் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எதிர்க்கடைக்காரர்தான் சங்கத்துக்குப் பொருளாளர். அவர் அலைந்து திரிந்து, உறுப்பினர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழு இன்சூரன்ஸ் எடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை ஆளுக்குக் கொஞ்சம் கட்ட வேண்டும். உறுப்பினர் இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம் வரும், விபத்தில் கை, கால், கண் போனால் அதற்கும் உண்டு.

வாரிசுதாரர் என்று என் பெயரை எழுதிய அன்று இவர் சாப்பிட உட்கார்ந்துகொண்டு, "நான் போனா உனக்கு யோகம், கை போனா எனக்கு யோகம்" என்றார்.

"வாய் போனா இன்னா குடுப்பாங்கன்னு கேட்டுனு வாங்க. அதுதான் நம்ம வூட்ல முதல்ல தேயும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

அடுத்த தையில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தானாம். தாலி கட்டுகிற படம் விழவில்லை என்றால் எங்கள் தொழிலில் அந்தக் கல்யாணமே நடக்காத மாதிரி. கேமராவைப் பெண்ணின் மாமாவிடம் கொடுத்துவிட்டு இவரே ஓடிப்போய் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்திருக்கிறார். விளக்கெல்லாம் எரிந்துவிட்டது. நிமிரும்போது சட்டைக் கை சுழல்கிற பெல்ட்டில் மாட்டி, வலது கையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவர் படம் எடுக்க அமுக்குவது அந்த ஆள்காட்டி விரலால்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் போயிற்று. காயம் ஆறியது, கட்டும் பிரித்தாயிற்று, ஆனால் அவர் அந்தக் கையை ஒரு துண்டால் சுற்றியே வைத்திருந்தார். தூங்கும்போதும் துண்டுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். மருந்து போடக்கூட என்னை விடவில்லை, கதவைச் சாத்திக்கொள்வார். பத்து பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொண்ட மனுஷனின் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தாலும் அவர் ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதாகவே தோன்றும்.

கடையை நான் திறந்து வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் படங்களை நானே எடுத்தேன். நான் எடுத்த படங்களில் பாதிப் பேருக்கு நெற்றி இருக்காது. அவர் ஒரு நாளும் கடைப் பக்கம் வரவில்லை.

ஒரு நாள் காலையில், "கேமராவ வாங்கிக்க ஒரு ஆளப் பாரு. கடைய காலி பண்ணிட்டு நம்ம ஊரு அடி அண்ணாமலைக்கே போயிடலாம், அண்ணன்கூட கழனியப் பாத்துனு இருக்கலாம்" என்றார்.

இந்தக் கையோடு கழனியில் என்ன செய்வீர்கள் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். "இந்தப் பௌர்ணமி போகட்டுங்க" என்றேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதையே சொன்னேன். கடையை மூடினால் இந்த மனுஷன் அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்து முடிந்துவிடுவார் என்று எனக்குப் பயம். கடையைத் தாங்கிப் பிடிக்கக் கையில் ஏதாவது வந்தாக வேண்டும்.

அப்போதுதான் எதிர்க்கடைக்காரர் சந்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்தார். இன்சூரன்ஸ் பணத்துக்கு எழுதிப் போடலாம், டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு ஒரு போட்டோவும் வேண்டும், கை தெரிகிற மாதிரி, என்றார்.

"போட்டோல்லாம் வேணாம்" என்றார் இவர்.

"கம்பெனிக்காரன் கேக்கறான்ணா. ஒரே ஒரு படம். உங்க கடையில வேணாம்னா என் கடையில உக்காருங்க. ஸ்கிரீன் போட்டுடறேன், ஒருத்தனும் பாக்க மாட்டான்."

அவர் 'அண்ணா' என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்காகவே இவர் எழுந்து போனாரோ என்னவோ. நான் எங்கள் கடையில் நின்று, எதிரே திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எதிர்க்கடைக்காரர் பிலிம் ரோலைக் கொண்டுவந்து, "அண்ணி, இத நீங்களே கழுவிடுங்க, என் ஆளுங்க கண்ணுல பட வேணாம்" என்று என் கையில் கொடுத்தார்.

கழுவிப் பார்த்தேன். பின்னால் தாமரைக் குளமும் படிக்கட்டும் வரைந்த படுதா. இவர் நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார், முகவாய் லேசாகத் தூக்கியிருக்கிறது. வலது கை மடிமேல் கவிழ்ந்திருக்கிறது. புறங்கையும் கட்டைவிரலும் வெளிச்சத்தில், மற்றதெல்லாம் நிழலில். புறங்கையில் மட்டும் ஒரு கோடு. அது தையல் போட்ட வடு. நெகட்டிவில் கோடு தெரிந்தால் என் பென்சில் சும்மா இருக்குமா? கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் எடுத்துவிட்டேன்.

பிரிண்ட் வந்தபோது நான் அசந்துபோய்விட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பிய படம் மாதிரி இருந்தது. எதிர்க்கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சூப்பர் அண்ணி" என்றார். இவர்கூட ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாதான் எடுத்துக்கீறான்" என்றார். எதிரியின் படத்தை அவர் புகழ்ந்ததே இல்லை. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அனுப்பிவிட்டோம்.

சில வாரம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில் எதிர்க்கடைக்காரர் கவரோடு வீட்டுக்கு வந்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"திருப்பி அனுப்பிட்டாங்கண்ணா."

"ஏன்? பணம் கெடையாதாமா?" இவர் குரல் உடனே இறங்கிவிட்டது.

"அது இல்ல. போட்டோவுல குறை ஒண்ணும் தெரியலையாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேசைமேல் அந்தப் படம். நன்றாகத்தான் பார்த்தோம், எங்கே குறை இருக்கிறது? எதிர்க்கடைக்காரர் நிழலால் மறைத்திருந்தார், மிச்சத்தை நான் பென்சிலால் எடுத்திருந்தேன். காலமெல்லாம் செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எதிர்க்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் என்னை முறைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர். அவருக்கு வந்த தண்ணீர் மட்டும் சீக்கிரம் நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்க ரெண்டு பேராலயும் ஆவாது. நானே எடுக்கறேன்" என்றார்.

எங்கள் கடைக்குள் அவர் வந்தபோது, யாரோ கஸ்டமர் வந்துவிட்டார் என்பது போல நான் ஒதுங்கி நின்றேன். படுதாவை நீக்கச் சொன்னார். கருப்புத் துணியைத் தொங்கவிடச் சொன்னார். இரண்டு விளக்கையும் நேருக்கு நேர் வைத்தார். எதிர்க்கடைக்காரர் ஒரு ஓரமாக, வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கடையில் அந்த வேலையை எடுபிடிப் பையன்தான் செய்வான்.

"நீ உக்காரு. உன் கைய முகத்துக்குப் பக்கத்துல தூக்கு" என்றார் என்னிடம். என் கையை வைத்து போகஸ் பார்த்தார். கேமராக் கண்ணாடிக்குள்ளே என் கை எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. சூடான வெளிச்சம், பின்னால் ஒரே கருப்பு, அவர் குனிந்த தலை. அந்த நேரத்தில் ஊரே அசையாமல் நின்ற மாதிரி இருந்தது.

"போதும். நீ உள்ள போயிடு."

இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துண்டு அவிழும் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு சத்தம் உண்டா என்ன? கேமராவைத் தள்ளி இருந்தே அமுக்குகிற கேபிளை இடது கையில் பிடித்து அவரே அமுக்கினார் என்று பிறகு தெரிந்தது. பிலிம் கதவிடுக்கு வழியாக வந்தது. கழுவினேன், காயவைத்தேன். நெகட்டிவைச் சரியாகப் பார்க்க மனம் வரவில்லை. அப்படியே தாளில் அடித்துத் தட்டில் போட்டேன்.

மருந்தில் முதலில் கருப்புதான் வரும். தலைமுடி வந்தது, மீசை வந்தது. பின்னால் இருந்த துணி வந்தது. அந்தக் கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு கையின் வடிவம் நின்றது. இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் பின்துணியின் கருப்பு இறங்கி வந்திருந்தது. இல்லாததுதான் முதலில் வந்தது. அதற்கப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, இருக்கிறதெல்லாம் வந்தது. மோதிர விரல், சுண்டு விரல், உள்ளங்கை ரேகை, விரல் போன இடத்தில் கோணல்மாணலாக ஓடிய தையல். கடைசியில் அவர் கண்கள் நேராக என்னைப் பார்த்தன.

தாளை ஹைப்போவுக்கு மாற்றியதுகூட எனக்கு நினைவில்லை. பழக்கத்தில் கை செய்திருக்கும்.

கதவில் மெல்லத் தட்டும் சத்தம். "வரலாமா?"

"வாங்க."

பக்கத்தில் வந்து நின்றார். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். துண்டு இல்லை. "டச்சிங் பண்ணிடாத" என்றார். "மாட்டேன்" என்றேன். அப்புறம் மருந்து ஈரத்தோடு இருந்த என் கையால் அவர் கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. படத்தில் பார்த்ததைவிடக் கை மெத்தென்றுதான் இருந்தது.

வெளியே வந்தபோது எதிர்க்கடைக்காரர் இன்னும் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லையாம்.

இரண்டாவது படத்துக்குக் கம்பெனி மறுபேச்சுப் பேசவில்லை. பணம் வந்தது, கடை நின்றது. கேபிளைக் கட்டைவிரலால் அமுக்கப் பழகி, அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் தாலி கட்டுகிற படம் எடுத்தார். அந்தப் பணத்தால்தான் பிழைத்தோம் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். ஆனால் இழந்தது எனக்கு எப்போது திரும்பக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தாவது அவர் "வரலாமா?" என்று கேட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நான் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறேன்.