மிச்சம் இருந்த சிவப்புப் பட்டிகள்

கோடையில் எங்கள் ஊர்ச் சங்கம் ரொறன்ரோ துறைமுகத்தில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து ஏரியில் மூன்று மணித்தியாலம் சுற்றிவரும். பழைய காலத்து நீராவிக் கப்பல் போலக் கட்டிய படகு அது. பின்னால் பெரிய சில்லு ஒன்று சுற்றும். அது அழகுக்குத்தான், படகு ஓடுவது டீசலில். மேல்தட்டில் மேசை போட்டுச் சாப்பாடு. கீழ்த்தட்டில் வெறும் கதிரைகள். மேலுக்கு ரிக்கெற் விலை கூட.

போன வருடம் ஏறுமிடத்து மேசையை என்னிடம் தந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், லோண்டரியில் வேலை செய்கிறவள். பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்தது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முதல்நாள் வீட்டில் அதை நாலு தரம் சரிபார்த்தேன். யாராவது விடுபட்டால், யாராவது தண்ணீருக்குள் விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள். மேலே போகிறவர்களின் கையில் சிவப்புப் பட்டி கட்ட வேண்டும், கீழே இருக்கிறவர்களுக்கு நீலம். மேலே எத்தனை இடமோ அத்தனை சிவப்புப் பட்டிதான் தந்திருந்தார்கள். செய்யவேண்டியது அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு பெண் தன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு அன்று எழுபத்தைந்து வயது முடிகிறதாம். புதுக் கோட்டுப் போட்டிருந்தார். இரண்டு மேல்தட்டு ரிக்கெற், பட்டியலிலும் பெயர் இருந்தது. பட்டியை எடுத்துக்கொண்டே, சும்மா கதைக்கிற மாதிரி, நான் கேட்டேன்: “ஐயா, எங்கட ஊரிலை நீங்கள் எவடம்?”

அவர் குளத்துக்கு அப்பால் உள்ள குறிச்சியின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கத் தேவையில்லை, சாதி தெரிந்துவிடும். பின்னால் நின்ற சங்கத் தலைவருக்கும் அது கேட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மேலே பெரியாக்கள் கொஞ்சப்பேர் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள், ஏன் வீண் கதை என்றார்.

“மேல நிரம்பிட்டுதெண்டு சொல்லுங்கோ தங்கச்சி.”

சாதி என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து அவர் சொன்னதையே சொன்னேன். அந்தப் பெண் விடவில்லை. மேலுக்குத்தானே காசு கட்டினோம், பட்டியலில் பெயரும் இருக்கிறதே என்று கேட்டாள். நான் கப்பற்காரரின் கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஏதோ உளறினேன். தகப்பன் என் கையைப் பார்த்தார். சிவப்புப் பட்டிகள் கட்டாக என் கையில்தான் இருந்தன.

“விடு பிள்ளை,” என்றார் மகளிடம். “கீழயும் யன்னல் இருக்கு.”

கழிவறைக்குப் பக்கத்துக் கதிரைகளில் இருவரும் இருந்தார்கள். மேலே எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் கீழே சாப்பாடு வந்தது. இறங்கும்போது அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் பட்டியலில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சாதி பார்த்துத் தங்களைக் கீழே இருத்தினார்கள் என்று அந்தப் பெண்ணின் வக்கீலிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. தலைவர் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியை இரண்டு மிடறில் குடித்து முடித்தார். “வாசிச்சு மினக்கெடாதேங்கோ. உதிலை ஒரு கையெழுத்து மட்டும் போட்டாக் காணும்,” என்றார். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதை நாசூக்காகச் சொன்ன விதம் அது. நான் பேனையை எடுத்துவிட்டேன். பேனையில் மை வரவில்லை. வேறு பேனை தேடுகிற சாட்டில், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். மை வந்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பேன். அதை மறைத்து என்ன பயன்?

பின்னேரம் என் மகள் வந்து தாளை வாசித்தாள். அந்தத் தகப்பனும் மகளும் பிந்தி வந்ததாகவும் அதற்குள் மேல்தட்டு நிரம்பிவிட்டதாகவும் நான் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. அவள் சட்டம் படிக்கிறாள். “அம்மா, இது ட்ரூவா?” என்று கேட்டாள். நான் வெங்காயத்தை வெட்டினேன்.

அவள் கோபிக்கவில்லை. அந்தக் கிழமைதான் இப்படி ஒரு வழக்குப் படித்தோம் என்றாள். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்து சில வருடங்களே ஆன காலம். ஒரு கறுப்பினப் பெண் நீராவிக் கப்பலில் ஏறி, வெள்ளைக்காரர் இருக்கும் நல்ல தட்டில் இடம் கேட்டிருக்கிறாள். மறுத்துவிட்டார்கள். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. இரவு முழுக்க ஒரு கதிரையில் இருந்தே பயணம் செய்தாள். பிறகு வழக்குப் போட்டாள். ஆளுக்காள் வித்தியாசம் காட்டக்கூடாது என்று அவளுடைய மாநிலத்தில் சட்டம் இருந்ததால் அங்கே வென்றாள். நாட்டின் பெரிய நீதிமன்றத்தில் தோற்றாள். ஆறு பல மாநிலங்களைக் கடந்து ஓடுகிறது, ஒரு மாநிலத்துச் சட்டம் அந்தக் கப்பலைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்களாம்.

“இடம் தரமாட்டம் எண்டு அவளுக்கு முகத்துக்கு நேரை சொன்னது ஆர்?” என்று கேட்டேன்.

“ஆரோ ஒரு கிளார்க்காய் இருக்கும் அம்மா. அது முக்கியமில்லை.”

எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அந்த ஆளும் என்னைப்போல் வேலை போய்விடுமோ, முதலாளி ஏசுவாரோ என்று பயந்தவனாக இருந்திருக்கலாம். அப்படி நினைத்தும் எனக்கு ஆறுதல் வரவில்லை. தலைவர் என்னை ஓரத்துக்குக் கூப்பிட்டது பிறகு. எவடம் என்று கேட்டது நான். பழக்கத்தில் கேட்டுவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறோம் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அலுமாரியைத் திறந்து கைப்பையை எடுத்தேன். யாராவது கணக்குக் கேட்பார்களோ என்ற பயத்தில் மிச்சப் பட்டிகளையும் பெயர்ப் பட்டியலையும் எறியாமல் வைத்திருந்தேன். பட்டிகளை மகள் எண்ணினாள். பதினொன்று சிவப்பு.

பட்டியலில் அந்தப் பெண்ணின் ரெலிபோன் இலக்கம் இருந்தது. மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். தலைவரின் அழைப்புகளை எடுக்கவில்லை. நாலாம் நாள் அடித்தபோது தகப்பன்தான் எடுத்தார். நான் ஆரென்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஆயத்தப்படுத்தி வைத்த சொற்களை விட்டுவிட்டு நேரே சொன்னேன்:

“ஐயா, அண்டைக்கு மேல இடம் இருந்தது.”

“தெரியும் பிள்ளை. உங்கட கையிலை பட்டி இருந்ததைப் பாத்தனான்.”

அங்கே தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள். பிறகு அவர் கேட்டார்: “வழக்கு எண்டு வந்தால், உதை அங்கை வந்து சொல்லுவீங்களோ?”

“ஓம், சொல்லுறன்,” என்றேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. மகளிடம் போனைக் கொடுத்தார்.