பால்குட வரிசையில் நான் ஜெயித்த வாதம்

போன வருடம், பகாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான், சும்மா இருக்க முடியாமல், பால்குடம் எடுப்பவர்களின் பெயர்ப்பதிவைக் கணினியில் செய்து தருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் வரிசை முன்னால் போகும். பெண்கள் வரிசை பின்னால். எங்கள் நாட்டு அடையாள அட்டையில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதை வைத்தே பெயர்கள் தானாகப் பிரியும்படி செய்தேன். ஊர்வலம் புறப்படும் பிள்ளையார் கோயில் சுவரில் பட்டியலை ஒட்டியபோது எனக்கு ஒரே பெருமை.

அதில் ஓர் அக்காவின் பெயர், அட்டையில் உள்ள பழைய ஆண்பெயரோடு, ஆண்கள் பக்கம் விழுந்திருந்தது. திருநங்கை அவர். செண்டாயானில் தொழிற்சாலை வேலை. அம்மாவின் உடல்நலத்துக்காக மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். அது மூன்றாவது வருடம். மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார்.

பட்டியலைப் படித்த ஒருவர், "பேரு இங்க இருக்கு, ஆளு அங்க என்னா செய்யிது?" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், மேளம் நின்றது.

"சாமி குடுத்த உடம்புலா, நம்ம மாத்த முடியுமா?" என்றார் நிர்வாகத்து மாமா ஒருவர்.

"உடம்பு வேற, மனசு வேற மாமா!" என்று நான் பாய்ந்தேன். ஹார்மோன், குரோமோசோம் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"அப்ப நானும் பொம்பளன்னு சொல்லிட்டு எம்பொண்டாட்டி பக்கத்துல நடக்கலாமா?" என்றார் இன்னொருவர்.

"பாசாருக்கு மீன் வாங்கப் போனாலே பக்கத்துல நடந்து வரமாட்டீங்க, இங்க மட்டும் வந்துருவீங்களாக்கும்!" என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெயில் ஏறியது. கடைசியில் கோயில் தலைவர் அலுத்துப்போய், "சரிலா, அது பொம்பளைங்களோடயே போவட்டும். பால் திரிஞ்சிரும்," என்றார்.

ஜெயித்துவிட்டேன்! அப்போதுதான் அக்கா பக்கம் முதன்முறையாகத் திரும்பினேன். அவர் இல்லை. குடம் மட்டும் பிள்ளையார் முன்னால் இருந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன்.

"அக்கா, சரின்னுட்டாங்க, வாங்க!"

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருஷம் அங்கதான் நடந்தேன், தங்கச்சி. யாரும் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு என் உடம்பப் பத்தி ஊரே பேசிருச்சி. நீயுந்தான்."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். களைப்பு மட்டும்தான்.

இந்த வருடப் பதிவில் அவர் பெயர் இரண்டு பக்கத்திலும் இல்லை. நான் பேசியது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை; ஆனால் அவர் வேண்டுதல் ஒரு வருடம் குறைந்தே நிற்கிறது என்று நினைக்கும்போது, நியாயம் என் பக்கம் இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் கிடைப்பதில்லை.