கூஜாவின் மூக்கு

யுத்தத்துக்கு முன்னால் திருச்சியில் என் கணவர் பித்தளைக் கூஜா செய்யும் பட்டறை வைத்திருந்தார். செய்த கூஜாக்கள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. காரணம் எனக்குத் தெரியும். ஓடும் ரயிலில் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தால், அந்த அகன்ற வாயிலிருந்து தண்ணீர் முகத்தில்தான் கொட்டும். ரவிக்கை நனைந்து எத்தனை முறை கூசிப் போயிருக்கிறேன்!

ஒருநாள் மெழுகை இளக்கி, கூஜாவின் விளிம்பில் சின்ன மூக்கு ஒன்று ஒட்டி, அவர் முன்னால் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

"அடுப்படி யோசனையெல்லாம் பட்டறைக்கு உதவாது, போ" என்றார்.

அடுத்த மாதமே மூக்கு வைத்த கூஜா கடைக்கு வந்தது. மதராஸிலிருந்தெல்லாம் ஆர்டர் குவிந்தது. இன்னொரு பட்டறையும் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஒருமுறை ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கத்து மாமி எங்கள் பட்டறையில் செய்த தன் கூஜாவிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள்.

"எவ்வளவு சௌகரியம் பாருங்கோ! நம்பெருமாளே முதலாளியோட சொப்பனத்துல வந்து இந்த மூக்கைக் காட்டிக் குடுத்தாராம். கடையில அவரே சொன்னார்."

தன் மூளை என்று பீற்றிக்கொண்டிருந்தால்கூட வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். பெருமாள் பேரில் எழுதிவிட்டாரே, இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது?

மாமி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் என்னையே பார்த்ததால் நானும் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாகவே.